படிப்பகத்தில் யாரும் பேசுவதில்லை

ஊருக்கெல்லாம் படுக்கை விரிப்பு விற்கிறவள் நான். போர்வை, தலையணை உறை, மெத்தை விரிப்பு எல்லாம் எங்கள் ஜவுளிக்கடையின் மாடியில்தான் இருக்கின்றன. "இதுல படுத்தா உடம்பு வலியெல்லாம் தெரியாதுக்கா" என்று வாய் வலிக்கச் சொல்லி விற்பேன். சொல்கிறவளுக்கு உட்கார ஒரு முக்காலி கிடையாது. வாடிக்கையாளர்களுக்கு உண்டு, சிவப்பு ரெக்சின் போட்டு வரிசையாக. ஆளே இல்லாத மத்தியானத்திலும் அவை காலியாகத்தான் கிடக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், கேமராவில் தெரிந்தால் சூப்பர்வைசர் வருவார். யார் கண்டுபிடித்த சட்டமோ, அவன் காலில் ஒரு நாளாவது நரம்பு புடைக்க வேண்டும்.

கால்தான் இப்படி என்றால் வாய்க்கும் ஓய்வில்லை. சரக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சரக்கைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. ஒரு தடவை ஓர் அம்மா தன் மகள் கல்யாணத்தைப் பற்றி ஆசையாகச் சொன்னாள், நானும் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "ஊர்க்கதை பேசறதுன்னா வெளியில போய்ப் பேசு, திரும்பி உள்ள வராத" என்றார். அதற்குப் பிறகு யார் வீட்டில் எது நடந்தாலும் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, அதன்மேல் துவைத்த துணி குவிந்திருக்கும். துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் போதும், யாருக்காவது தாகம் எடுத்துவிடும். மாமியார் டிவியை அலறவிட்டுக்கொண்டிருப்பார். கையில் புத்தகத்தைப் பார்த்தால், "படிச்சு என்ன பண்ணப் போற, பரீட்சையா எழுதப் போற" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சின்ன லாரி ஓட்டுகிறார். மூன்றாவது வரி படிப்பதற்குள் சட்டையில் பட்டன் அறுந்திருக்கும்.

அதனால்தான் எனக்கு அந்தப் படிப்பகம். எங்கள் வார்டு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு நீளமான மேஜை, மரநாற்காலிகள், கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி, சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. ஜன்னலோரம் இருந்த நாற்காலிக்கு ஒரு கை ஆடும். அதை யாரும் விரும்ப மாட்டார்கள், அதனால் அது எனக்கே எனக்கு. வார விடுமுறையன்று காலையில் போய் அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைப்பேன் பாருங்கள், அந்தக் குளிர்ச்சிக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒருத்தரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பலகையை மாட்டியது வார்டு அலுவலகம். அதைக் காப்பாற்றியவர் விரல் மாமா. எந்த அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெள்ளை மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர். யாராவது இருமினால்கூட ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து "ஷ்ஷ்" என்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சத்தம் அதுதான். இருமல் வந்தவர் வாசலுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். செய்தித்தாளைத் தாள்தாளாகப் பிரித்துக்கொள்வோம். எதிரில் இருக்கிறவரின் தாள் வேண்டுமென்றால் மேஜையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும், முடித்துவிட்டால் அவர் தள்ளிவிடுவார். புதிதாக வருகிற யாராவது "சார், அந்த விளையாட்டுப் பக்கம்" என்று வாயைத் திறந்தால் மேஜையே திரும்பி முறைக்கும். நானும்தான் முறைப்பேன். எங்களுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. ஊரில் எங்கேயும் இல்லாத ஒழுங்கு எங்களிடம் இருக்கிறதாம்.

புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே படித்துவிட்டு வைக்க வேண்டும். நான் ஒரு தடித்த நாவலை மாதக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கப்பலில் சமையல்காரியாகப் போய்விட்ட ஒருத்தியின் கதை. வருஷங்கள் கழித்து அந்தக் கப்பல் அவளுடைய சொந்த ஊர்த் துறைமுகத்துக்கே வருகிறது. இறங்குவாளா, கப்பலோடு போய்விடுவாளா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். அடுத்த வாரத்துக்கு ஏதாவது மிச்சம் வேண்டுமே என்று பார்க்காமல் வைத்தேன்.

ஒரு விடுமுறை நாள் காலை, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"இன்னைக்கு அங்க போகாத."

"ஏன், அங்க என்ன?"

"கவுன்சிலர் வர்றார். அந்த இடத்தை ஆபீஸா எடுத்துக்கறார். அங்க படிக்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு விதி இருக்காம், அதான் கேக்க வர்றார். நீ அங்க இருந்தா சும்மா இருக்க மாட்ட."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்தலுக்கு முன்னால் இதே கவுன்சிலர் எங்கள் வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்று, படிப்பகத்துக்கு இன்னொரு மேஜை போட்டுத் தருகிறேன் என்று சொன்னார். அந்த மேஜையை நம்பித்தான் நான் ஓட்டுப் போட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மார்க்கெட் பக்கம் வண்டி நிறுத்த இடம் கேட்டிருக்கேன். அவர் ஆளுங்கதான் பார்த்துத் தரணும். கெடுத்துடாத தாயே."

தாயே என்றாரே, அதற்காகவாவது கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. வழி நெடுக என்ன பேசுவது என்று எனக்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பேசுவதுதானே என் தொழில். தைத்து வந்த போர்வையில் ஓட்டை இருந்தால்கூட அதைக் காற்றோட்டம் என்று சொல்லி விற்றவள் நான். எங்களுக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று சொல்ல முடியாதா?

உள்ளே எல்லோரும் வழக்கம்போல் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் அங்கே எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருந்தவர் காதருகே குனிந்தேன், விரல் எழுந்துவிட்டது. சரி என்று மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து, செய்தித்தாள் ஓரத்தில், 'கவுன்சிலர் இந்த இடத்தைப் பிடுங்க வருகிறார், கேட்டால் எல்லோரும் கூடாது என்று சொல்லுங்கள்' என்று எழுதி விரல் மாமாவிடம் தள்ளினேன். அவர் பார்த்தார். மீசை துடித்தது. சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கடைசி எழுத்துவரை சுத்தமாக அழித்தார், தூசியை ஊதினார், தாளில் கிறுக்கக் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டு என்னிடமே திருப்பித் தள்ளினார். தாளில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாரே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மனுஷன் பார்க்கவில்லை. படிப்பதற்கென்றே வருகிறவர்.

வரட்டும், கேட்கட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். கப்பல்காரியின் கதையைத் திறந்தும் ஒரு வரி ஏறவில்லை.

கவுன்சிலர் வந்தார். தெருவில் ஒலிபெருக்கி இல்லாமலே ஊரைக் கூட்டுகிற குரல் அவருக்கு. அன்று பூனை மாதிரி நடந்து வந்தார், கூட வந்தவர்களையும் ஓசைப்படாமல் நிற்கச் சொன்னார். ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். கவுன்சிலர் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அதற்கப்புறம் கிசுகிசுப்பான குரலில் பேசினார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்த இடத்தை மக்கள் குறை கேக்கற ஆபீஸா மாத்தலாம்னு இருக்கோம். உங்க எல்லாருக்கும் சம்மதம்தானே? ஆட்சேபணை இருக்கறவங்க தாராளமா சொல்லலாம்."

யாரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருத்தர் வாயைத் திறந்து மூடினார், ஒருத்தர் மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். தட்டினால் யாராவது எதையாவது தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம்.

நான் எழுந்தேன். நாற்காலியின் ஆடுகிற கை கிரீச்சிட்டது.

"எனக்கு ஆட்சேபணை…"

"ஷ்ஷ்."

விரல் மாமாவின் விரல். மேஜை முழுக்க என் பக்கம் திரும்பி முறைத்தது. அந்த முறைப்பை எனக்குத் தெரியும், அது என்னுடையதும்தான். ஒரு நொடி எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, இத்தனை பேர் படிக்கிற இடத்தில் சத்தம் போட்டுவிட்டோமே என்று. கால் தானாக மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"ரொம்ப நன்றி. எல்லாருக்கும் சம்மதம்" என்றார் கவுன்சிலர், இன்னும் மெதுவாக. கைகூப்பிவிட்டு, வந்த மாதிரியே ஓசைப்படாமல் போனார். தெருவுக்குப் போனதும் அவர் சிரித்தது உள்ளேவரை கேட்டது. விரல் மாமா நிம்மதியாகத் தாளைப் புரட்டினார்.

அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது பூட்டு தொங்கியது. அதற்கடுத்த விடுமுறைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்துவிட்டது. அதன் கீழே விரல் மாமா நின்று, கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரோடு பேச ஒன்றுமில்லை. அந்தப் பக்கமே பார்க்காமல் திரும்பி வந்தேன். வீட்டுக்காரருக்கு மார்க்கெட் பக்கம் இடம் கிடைத்தது. அன்றைக்கு இனிப்பு வாங்கி வந்தார், நான் தொடவில்லை.

"உனக்கு என்னதான் குறை?" என்று கேட்டார்.

"குறையைச் சொல்றதுக்குத்தான் ஆபீஸ் திறந்திருக்காங்களே, அங்க போய்ச் சொல்லிக்கறேன்" என்றேன்.

நிஜமாகவே போனேன். புத்தகத்தையாவது கேட்கலாம் என்று. வரிசை தெருவரைக்கும் நின்றது. உள்ளே என் ஜன்னலோரத்து நாற்காலியில் கவுன்சிலரின் ஆள் ஒருவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தான். ஆடுகிற கைக்கு ஆணி அடித்திருந்தார்கள். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றாத வேலை.

"புத்தகமா? எல்லாம் மூட்டை கட்டி மாடிப்படி கீழ போட்டிருக்கும்மா. எந்த மூட்டையில எது இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் தேடி எடுத்துக்கறேன்."

"அதுக்குக் கவுன்சிலர் சொல்லணும். அவர் வரும்போது வாங்க."

"எப்ப வருவார்?" என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவன் பதில் பேசாமல் சுவரைக் காட்டினான். எங்கள் பலகை அங்கேயேதான் இருந்தது. அதை மட்டும் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், கடையில் ஆள் குறைவான மத்தியானம். படியேறி வந்தவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை, மீசையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சிவப்பு முக்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"என்ன பாக்கறீங்க சார்? தலையணை உறையா, போர்வையா?"

"உன்னைத்தாம்மா பாக்க வந்தேன், விசாரிச்சுக்கிட்டு" என்றார்.

அப்போதுதான் அவர் குரலை நான் முதல்முறையாகக் கேட்டேன். கரகரவென்று, பெரிய குரல். எத்தனையோ வருஷமாக அடைத்துவைத்ததெல்லாம் ஒன்றாக வந்த மாதிரி மாடி முழுக்கக் கேட்டது.

"அன்னைக்கு நீ பேச எழுந்தே, நான்தான் அடக்கினேன். கெட்ட பழக்கம்மா. வீட்டுக்குப் போனதுக்கப்புறம்தான் உறைச்சது. நீ பேப்பர்ல எழுதினதை வேற என் கையாலயே அழிச்சேன். எனக்கும் வீட்ல உட்கார இடம் கிடையாது, மருமகளுக்கு நான் எங்க உட்கார்ந்தாலும் இடைஞ்சல். இப்போ பஸ் ஸ்டாண்டுல போய் உட்கார்ந்துட்டு வர்றேன். நாம எல்லாரும் சேர்ந்து போய் அந்த இடத்தைத் திருப்பிக் கேட்போம். எனக்குப் பேச வராது. நீதான் பேசணும். நீ பேசுவே, எனக்குத் தெரியும்."

அவர்மேல் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. வர்றேன் சார், எல்லாரையும் கூட்டுங்க, நான் பேசறேன், அந்தக் கப்பல்காரி என்ன ஆனாள்னு எனக்கும் தெரியணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கல்லாப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசர் தலையை உயர்த்திப் பார்த்தார். எழுந்தார். வர ஆரம்பித்தார்.

"சொல்லும்மா, வருவேதானே" என்றார் விரல் மாமா, இன்னும் சத்தமாக.

என் கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் உதட்டுக்கு வந்துவிட்டது.

"ஷ்ஷ்" என்றேன்.

அவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். எவ்வளவு ஒழுங்கான மனுஷர். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றபோது, நான் ஒரு தலையணை உறையை விரித்து, துணி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று விரல் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.