எஸ்ரா ஹார்ப்பர் கீழே வைத்த கிளாஸ்

அன்று அந்தத் தேயிலை மலை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். எழுபத்தாறு வயது இராமையா; அவர் தங்கை வேலம்மா; பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஆங்கில ஆசிரியையாக இருக்கும் வேலம்மாவின் மகள் துளசி; கார் ஓட்டி வந்த ஷாஹ்ரில்; அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி டெல்பின் ஹார்ப்பர். ஆறாவது ஆள் எவரும் இல்லை.

இராமையா நாற்காலியைக் காட்டினாரே தவிர, வாய் திறந்து உட்காரச் சொல்லவில்லை. தோட்டத்துக் கூலிகளை மேய்த்த பெரிய கங்காணியாக இருந்த அப்பா செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அவரை விசாரித்துக்கொண்டு கடல் தாண்டி ஒருத்தி வந்தால், சும்மாவா வருவாள்?

“இவங்க அப்பா அங்க பெரிய தலைவர் லா, ஐயா. கறுப்பு ஜனங்களுக்காக ஜெயிலுக்கெல்லாம் போனவரு,” என்றான் ஷாஹ்ரில்.

“போகட்டும். எங்கப்பாகிட்ட என்ன வேலை?”

டெல்பின் பேசப் பேசத் துளசி தமிழில் சொன்னாள். எஸ்ரா ஹார்ப்பர் பருத்திக்காட்டுக் கூலியின் மகன். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளியில் அவருக்கு இடமில்லை. பதினெட்டு வயதில் கப்பல் சமையலறையில் சேர்ந்தார். 1957-இல் கப்பல் பழுதாகிப் பினாங்குத் துறைமுகத்தில் நின்றபோது, ஒரு பாதிரியாரோடு இந்த மலைக்கு வந்தார். அவருடைய இளமைக்காலத்தை மகள் புத்தகமாக எழுதுகிறார்.

டெல்பின் பையிலிருந்து தன் அப்பாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தார்.

“கையெழுத்து கிய்யெழுத்துன்னு கேட்டா போட மாட்டேன், சொல்லிடு.”

“படிக்கத்தான் மாமா,” என்ற துளசி தமிழாக்கிப் படித்தாள்; குரல் போகப் போக இறங்கியது. ‘பெரிய கங்காணி என்னை உட்காரவைத்துக் கண்ணாடி கிளாசில் தேநீர் தந்தார். கொழுந்து பறிக்கும் ஒருவர் வந்தார். அவருக்கு முற்றத்தில், தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்கள். ஏன் என்றேன். அவர் வேறு சாதி, இது எங்கள் வழக்கம் என்றார் கங்காணி. எங்கள் ஊர் வெள்ளைக்காரர்களும் இதே நிதானத்தோடுதான் சொல்வார்கள். கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.’

ஊர் திரும்பிய மூன்றாம் வருஷம் எஸ்ரா, வெள்ளையர் மட்டும் சாப்பிடும் கடையில் போய் உட்கார்ந்து, எழ மறுத்து முதல்முறை கைதானாராம்.

“இது உண்மையான்னு கேக்கறாங்க மாமா. இல்லன்னு நீங்க சொன்னா இந்தப் பக்கத்தையே விட்டுடுவாங்களாம்.”

வேலம்மா பதறினாள். “இல்லன்னு சொல்லுண்ணே! அடுத்த மாசம் கோயில் மண்டபத்துல அப்பா படம் திறக்கறோம்!”

இராமையா டெல்பினின் முகத்தையே பார்த்தார். அதில் கெஞ்சலும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. ஒரு வார்த்தை போதும், அப்பா பெயர் தப்பிவிடும். ஆனால் அப்பா எந்த ஊரார் முன்னாலும் பொய் சொன்னதில்லை. சிரட்டையைக்கூட ஒளித்துக் கொடுத்ததில்லை.

“உண்மைதான். எனக்கு அப்ப எட்டு வயசு, பாத்திருக்கேன். சிரட்டையில குடிச்சவன் பேரு புனிதன்.” துளசியின் பக்கம் திரும்பினார். “புனிதன்னு இல்ல, புனிதன் ஐயான்னு எழுதச் சொல்லு. எங்கப்பா பேரும் முழுசா வரணும்.”

“மண்டபத்துல என்னண்ணே சொல்றது?”

“கேட்டா, இதையே சொல்லு.”

அந்த அமெரிக்க அம்மாள் மிரட்டித்தான் இராமையாவின் வாயைத் திறந்தாள் என்று பக்கத்துக் கியா பார்ம் ஊர்க் கடைகளில் பேச்சு. மிரட்டவில்லை. டெல்பின் கேட்டார், இராமையா சொன்னார்.