மஞ்சள் வைத்த விசிட்டிங் கார்ட்

ஐந்நூறு கார்டுக்குக் குறைந்தால் அடித்துத் தர முடியாது என்று தலவாக்கலையில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் பைஸர் நானா கையை விரித்துவிட்டார். "ஐந்நூறு பேருக்கு நான் எங்க போறது நானா?" என்று கேட்டுவிட்டு, தடித்த தாள் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள் பிரியந்தி. அவளுக்குத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணினால் விரல் மிச்சமிருக்கும்.

கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவில் பதினாறு வருஷம் கார்மென்ட் வேலை. கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா செத்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதென்று திரும்பி வந்து, தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மாதமாகத் துணியோடு ஒரு ஆள் படியேறவில்லை. பேச்சுத்துணைக்கும் வரவில்லை. இத்தனை வருஷம் வெளியில் இருந்துவிட்டு வந்தவள், நம்மோடு ஒட்டமாட்டாள் என்று லயத்து ஆட்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். இந்த மாதமும் இப்படியே போனால் மறுபடி கட்டுநாயக்க வேலையும் போர்டிங் அறையும்தான்.

டேப் வைத்து அளந்து, துணி வெட்டும் கத்தரியால் முப்பது கார்ட் வெட்டினாள். பெயர், தையல் வேலை, போன் நம்பர், 'ஞாயிறு காலை 9 மணி முதல்' என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். நல்லபடி நடக்கட்டும் என்று நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள். காரியம் கெட்டது அங்கேதான்.

மஞ்சள் வைத்த கார்டை வாசலுக்கு வாசல் கொண்டுபோய்க் கொடுத்தால் அது விசேஷப் பத்திரிகை. அதை யார் முழுசாக வாசிக்கிறார்கள்? நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார்கள்.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால், வாசலில் பட்டுச்சேலையோடு ஆறு பொம்பளைகள். முன்னால் பக்கத்து லயத்து வீரம்மா, கையில் கலர்த்தாள் சுற்றிய பெட்டி.

"என்னா புள்ள, இன்னும் நைட்டியோட நிக்கிற? பொண்ணு பாக்க வர்றாங்களா, இல்ல நிச்சயதார்த்தமா?"

பிரியந்தி விஷயத்தைச் சொன்னாள். வந்தவர்களில் காளியாயி முதலில் சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்! உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பிளேன்டீ கொடுத்தாள். அந்த வீட்டில் இத்தனை பேர் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வீரம்மாவின் ரவிக்கை கையில் இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்து ஆசையாகச் சொன்னாள். "குடுத்துவிடுங்கக்கா, தளர்த்தித் தர்றேன்."

"இத இனி தீவாளிக்குத்தான் எடுப்பேன். அப்ப பாப்போம் புள்ள."

அரை மணியில் கலைந்துவிட்டார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வீரம்மா வாங்கவில்லை. "விசேஷத்துக்குன்னு கொண்டாந்தத திருப்பிக் கொண்டு போகக்கூடாது. வச்சுக்க."

மத்தியானம்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தாள். யாரும் துணி கொண்டு வரவில்லை. பிறகு பெட்டியைப் பிரித்தாள். ஆறு கண்ணாடி கிளாஸ். ஆறு பேர் வந்து உட்கார்ந்து டீ குடிக்கப்போகிற வீடு என்று நம்பி வாங்கியிருக்கிறாள் மனுஷி. பிரியந்திக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியை மறுபடி மூடினாள். போர்டிங்குக்கு இதை எப்படிக் கொண்டுபோவது, பஸ்ஸில் உடைந்துவிடும்.