ஞானம்மாவின் கண்ணுக்குள் இறுகிய தசை

ஞானம்மாவுக்குக் கோபம் வந்தால் அவள் கண்ணுக்குள் தசை இறுகும் சத்தம் எளாவூர் ரயில்வே கேட் வரை கேட்கும். வண்டி வருகிறதென்று கேட்மேன் கேட்டைச் சாத்திவிடுவான். 1974 ஆடியில் மட்டும் நான்கு தரம் சாத்தினான். ஒரு தரம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிற வேப்பிலை வண்டிகள் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றன.

கும்மிடிப்பூண்டி ஸ்க்ரூ கம்பெனியில் அவளுக்கு எட்டு வருஷ வேலை. அரிசியளவு ஸ்க்ரூவை விரலில் உருட்டி, மரை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பதினோரு பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்பது வாட் பல்பு. அந்த வெளிச்சத்தில் கண்ணைத் தேய்த்துத் தீர்த்த பிறகு, நாற்பது வயது தாண்டியவர்களுக்குப் பார்வைச் சோதனை, தோற்றால் வேலை இல்லை என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. பதினோரு பேரும் தாண்டியவர்கள்தான்; ஞானம்மாவுக்கு நாற்பத்து மூன்று. அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஆபீஸ் குமாஸ்தா ஆராவமுதன், பௌதிகம் படித்தவர், சமாதானம் சொன்னார்.

"முழியோட முன்பக்கத்துத் தோல் வெளிச்சத்தை முதல்ல வளைக்கும். மிச்சத்தை உள்ளே இருக்கற வில்லை வளைக்கும். கிட்டத்துல பாக்கறச்சே சுத்தி இருக்கற தசை இறுகும், வில்லை உப்பும். நாப்பதுக்கு மேல வில்லை கெட்டிப்பட்டுடும். தசை எவ்வளவு இறுகினாலும் உப்பாது. யார் மேலயும் தப்பில்லே, ஞானம்மா."

"பல்பு மேலயும் தப்பு இல்லியா ஐயரே?"

ஆராவமுதன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

சோதனையன்று தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்திருந்தார். சோதனை நேர்மையாக இல்லை என்றால் ஒருத்தியையும் அனுப்ப முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பார்வைச் சோதனை அட்டை அச்சடிக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. ஆபீஸ் பேடின் மேல்தாளிலேயே ஆராவமுதன் பென்சிலால் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி எழுதி நீட்டினார். முதல் ஆளாக நின்ற ஞானம்மாவுக்கு அது கரித்துணியால் துடைத்த மாதிரி தெரிந்தது. மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "நெக்ஸ்ட்" என்றார்.

எட்டு வருஷத்துக்கு ஒரு நெக்ஸ்ட்! சத்தம் கிளம்பியது, கேட் மூடியது. வில்லை நாவற்பழமாக உருண்டது, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியது, விழித்திரைக்குப் பின்னால் போய் விழுந்துகொண்டிருந்த வெளிச்சம் முன்னால் ஓடிவந்து அதன் மேலேயே குந்தியது. அந்த வரியை அவள் கடகடவென்று படித்தாள். கோபம் அதோடு நிற்கவில்லை. காகிதத்தின் நார்கள் வைக்கோலாகப் பிரிந்தன. வைக்கோலுக்கு நடுவே, கிழித்தெடுத்த முந்தின தாளில் அழுத்தி எழுதிய பென்சிலின் தடங்கள் ஏர் ஓட்டிய சாலாகத் தெரிந்தன.

"இன்னாயா இது? 'இன்றுடன் நீக்கம்'னு எழுதிக்கீது. கீழ குப்பம்மா, செண்பகம், நானு... பதினோரு பேரும் கீது. டெஸ்டே இப்பத்தானே வெக்கிறீங்கோ? பாஸ் பண்ணா இன்னா, பெயிலானா இன்னா?"

"மிச்சமெல்லாம் வெத்துப் பேப்பர் சார், உளறுது" என்றார் மானேஜர். ஆய்வாளர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆராவமுதனைப் பார்த்தார்.

"அந்த வயசுக் கண்ணால முடியாது சார்" என்றார் அவர். "பௌதிகத்துலயே கிடையாது."

ஞானம்மா தாளை வாங்கி ஆராவமுதன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "செண்பகத்துக்கு அப்பால என் பேர எழுதி, அழிச்சி, மறுபடி எழுதிக்கிறே. அழிச்சியே, நல்ல மனுசன். அப்பால ஏன்யா திரும்ப எழுதினே?"

ஆராவமுதன் அந்தப் பட்டியலை எழுதியது முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக. மானேஜர் இருமினார். பின்னால் நின்ற பத்துப் பெண்களின் கண்களும் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் கேட்டது.

ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"படிச்சுட்டா சார்" என்றார். "எழுதினது, அழிச்சது, திரும்ப எழுதினது, எல்லாம் நான்தான். ஒரு எழுத்து விடாம படிச்சுட்டா."