கொல்லையில் மூன்று மேட்டுப்பாத்திகள்

குளிர் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதற்குள் மருமகள் கொல்லையை அளந்துவிட்டாள். நில அளவை அலுவலகத்தில் பதினொரு வருடமாக ஊரார் நிலத்துக்கெல்லாம் வரைபடம் போடுகிறவள். அங்கே அவளுக்கு ‘ஸ்கேல்’ என்றுதான் பெயர். யாருடைய எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்த வீட்டுக் கொல்லை எத்தனை அடி என்பது மட்டும் அதுவரை தெரியாது. நீளம் முப்பத்திரண்டு, அகலம் இருபத்தொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மணிக்கொரு தரம் வெளியே போய், மதில் நிழல் விழும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தாள். ஆறு மணி நேரம் வெயில் படுகிற இடம் எது என்று அப்படித்தான் தெரிந்தது.

பிறகு கட்டத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிழக்கு மதிலோரம் அவரை. நடுவில் தக்காளி. முன்பக்கம் கீரையும் வெங்காயமும். நாத்தனார் எதிரே உட்கார்ந்து கலர் பென்சிலால் தக்காளிகளுக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, எனக்கு எது?”

“உனக்கு முள்ளங்கி. விதை போட்டா முப்பதே நாள்ல வந்துரும்.”

நாத்தனார் முப்பது வரை விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டாவது கை முடிந்ததும் விட்டுவிட்டாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கணவனுக்கு அக்கா. ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அவள் பாப்பாதான். தம்பி மனைவியை அண்ணி என்று கூப்பிடுவாள். முறை தப்பு என்று திருத்தித் திருத்தி எல்லாரும் ஓய்ந்துபோனதால் அதுவே முறையாகிவிட்டது. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அடுப்புப் பக்கம் தனியாக விட முடியாது. யாராவது குரலை உயர்த்தினால் அழுதுவிடுவாள்.

அதற்கு வீட்டில் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள். பாப்பா ஒன்றரை வயதில் வாய் ஓயாமல் பேசியவளாம். மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மாமியார் இரண்டு நாள் ஈரத்துணி போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். அந்த இரண்டு நாளை மாமனார் கடைசிவரை மறக்கவிடவில்லை. கோபம் வந்தாலும் சொல்வார், கோபம் இல்லாதபோதும் சொல்வார்: “அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருந்தா இன்னிக்கு என் பொண்ணு டீச்சரா இருந்திருப்பா.” மாமியார் பதில் பேசி மருமகள் கேட்டதில்லை. இரண்டு வருடம் முன்பு மாமியார் இறந்தபோது, பேச்சு நிற்கும் வரை பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். பாப்பா எதற்கென்று புரியாமல், “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமனாரைத் தெருவில் பேட்டரிக்காரர் என்றால்தான் தெரியும். பழைய லாரி பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, புதுத் தகடு வார்ப்பது அவர் தொழில். கல்யாணமான புதிதில் இதே கொல்லையில்தான் தகரக் கொட்டகை போட்டு உலை வைத்திருந்தார். மகன் பிறந்த வருடம் பட்டறை கடைத்தெருவுக்கு மாறியது. கொட்டகையைப் பிரித்த பிறகு கொல்லையில் மாமியார் கீரை போட்டார். இப்போது எந்தப் பட்டறையும் இல்லை. பேட்டரிக்காரருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன.

கொல்லையின் மேற்கு மூலையில் மட்டும் புல்கூட முளைக்காது. மண் சாம்பல் நிறமாக இருக்கும். உரம் போட்டால் சரியாகுமா என்று பார்க்கத்தான் மருமகள் ஐந்து இடத்தில் மண் எடுத்து, பொட்டலம் கட்டி, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். வேறு எந்த எண்ணமும் அவளுக்கு இல்லை.

பத்து நாள் கழித்து, அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மேடம், நீங்க அனுப்பினது வீட்டு மண்ணா, தொழிற்சாலை மண்ணா?”

“வீட்டு மண்ணுதான். கொல்லையில எடுத்தது.”

“அங்க முன்னாடி ஏதாவது தொழில் நடந்துச்சா?”

மருமகள் சொன்னாள். அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“ஈயம் ரொம்ப இருக்கு மேடம். இருக்கலாம்ங்கற அளவைப் போல ஏழு மடங்கு. மேற்கு மூலையில அதுக்கும் மேல. அதுல காய்கறி போடாதீங்க. போட்டுத்தான் ஆகணும்னா தரையிலேருந்து உயரமா மேட்டுப்பாத்தி கட்டி, அடியில கனமான துணி விரிச்சு, வெளியிலேருந்து மண்ணு கொண்டுவந்து போடுங்க. வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?”

“இல்ல.”

“முன்னாடி இருந்தாங்களா?”

“ஏன் கேக்கறீங்க?” என்றாள்.

“பெரியவங்களவிட சின்னப் பசங்களைத்தான் அது ரொம்பப் பாதிக்கும். தவழற வயசுல கையை வாயில வைப்பாங்கல்ல. மூளை வளர்ற நேரம். அதனால கேட்டேன்.”

போனை வைத்த பிறகு மருமகள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது.

கணவன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அன்று ஏதோ ஒரு கிடங்கு வாசலில் லோடு இறங்கக் காத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“அப்பாகிட்ட சொல்லாத,” என்றான்.

“பாத்தி எதுக்கு உயரமாக் கட்டறன்னு கேப்பாரே.”

“முழங்கால் வலிக்குதுல்ல, குனிய வேணாம்னுதான்னு சொல்லு. இந்த வயசுல அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவர் என்ன செய்யப் போறாரு?” இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டான்: “நான் பொறந்தப்ப பட்டறை அங்கேருந்து போயிருச்சுல்ல?”

“ஆமா.”

“அதான்,” என்று போனை வைத்துவிட்டான்.

அவள் பழைய வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். மூன்று மேட்டுப்பாத்திகள். ஒவ்வொன்றும் எட்டடி நீளம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்டுகிற மாதிரி நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். நடுவில் நடக்க இரண்டடி. தச்சர் வந்து அளவைப் பார்த்துவிட்டு, “பாத்தி கட்டறீங்களா, கட்டில் செய்யறீங்களா?” என்று கேட்டார். பேட்டரிக்காரர் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

“எதுக்கும்மா இவ்வளவு உயரம்?”

“உங்களுக்குக் குனிய முடியாதுல்ல மாமா. நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டே களை எடுக்கலாம்.”

அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். “எனக்காகவா?” என்றார். மறுநாளிலிருந்து அவரே தச்சருக்கு ஆணி எடுத்துக் கொடுத்தார். விதைப் பொட்டலங்களின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அவரவர் பாத்தி எது என்று பாப்பாவோடு சண்டை போட்டார். மருமகளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பொய் சொன்னதைவிட, அந்தப் பொய் அவருக்கு இவ்வளவு பிடித்துப்போனதுதான் கஷ்டமாக இருந்தது.

மண் லாரி வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் தள்ளிப்போனது. அடியில் துணி விரித்த மூன்று பாத்திகளும் வெறும் பெட்டிகளாகக் கிடந்தன. பேட்டரிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

மழை விட்ட மறுநாள் மருமகள் அலுவலகம் முடிந்து வந்தபோது, இரண்டு பாத்திகள் விளிம்பு வரை நிறைந்திருந்தன. மூன்றாவதில் பாதி. அவர் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாப்பா வெறுங்காலோடு மூன்றாவது பாத்திக்குள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைத் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருந்தாள். கன்னத்திலும் உதட்டோரத்திலும் மண்.

“வந்துட்டியா? லாரிக்காரனை நம்பினா வெயில் காலம் வந்துரும்,” என்றார் அவர். “நம்ம மண்ணு இருக்கறப்ப வெளி மண்ணு எதுக்கு? உங்க அத்தை இதே மண்ணுலதான் கீரை போட்டா. அந்த மேற்கு மூலையிலதான் தோண்டினேன். அங்க எதுவும் முளைக்கறதில்ல, பள்ளமானா ஆகட்டும்னு.”

மருமகள் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பாப்பாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். குழாயடிக்குக் கொண்டுபோய் வாயையும் கையையும் தேய்த்துக் கழுவினாள். பாப்பா அழ ஆரம்பித்தாள்.

“ஏம்மா, மண்ணுதானே? கழுவினா போயிரும்,” என்றார் மாமனார்.

“போகாது மாமா.”

மூன்று வாரம் அடக்கி வைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் உடைந்தது. அவள் உள்ளே போய் அறிக்கையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“நாப்பது வருஷம் ஈயத்துலயே கிடந்தேன். எனக்கு என்ன ஆயிருச்சு?”

அவள் தாளை மடித்தாள்.

“சொல்லு. எனக்கு என்ன ஆச்சு?”

“பெரியவங்களுக்கு அவ்வளவா ஒண்ணும் ஆகாதாம் மாமா. சின்னக் குழந்தைங்களுக்குத்தானாம்.”

குழாயடியில் பாப்பா இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தோண்டிய பள்ளத்தைப் பார்த்தார்.

“எத்தனை வயசு வரைக்கும்?”

“ஆறு வயசு வரைக்கும்னு சொன்னாங்க.”

“உலையை மூடினப்ப இவளுக்கு அஞ்சு வயசு,” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அன்று சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது அவர் பாத்திகளிலிருந்து மண்ணை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். “நான் செய்யறேன் மாமா, ஆள் கூப்பிடலாம்” என்று அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்க மட்டும் விட்டார், மூக்கில் துணி கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டார். மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் முடிவில் அவரால் படியேற முடியவில்லை. அவளும் தச்சரும் சேர்ந்துதான் தூக்கி உள்ளே விட்டார்கள்.

டாக்டரிடம் பாப்பாவையும் அவரையும் அழைத்துப்போனாள். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பாப்பாவுக்குக் கொஞ்சம் இருக்கிறது, பயப்படுகிற அளவில்லை என்றார் டாக்டர். மாமனார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர், இவளுக்கு மூணு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதனாலயா, இல்ல ஈயத்தாலயா? எதுன்னு சொல்லுங்க.”

“ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கலாம் ஐயா. ரெண்டும் சேந்தும் இருக்கலாம். அந்த வயசுல பரிசோதனை பண்ணியிருந்தா சொல்லியிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”

“ஒரு பேச்சுக்காவது சொல்லுங்க. எது அதிகமா இருக்கும்?”

டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளில் இருந்த படங்களைப் பார்த்துச் சத்தமாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கைத்தடியின் பிடியை இறுக்கிக்கொண்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று மருமகளுக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் அவருடைய தங்கை பார்க்க வந்தார். வழக்கம்போல பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு, “அண்ணி மட்டும் அன்னிக்குச் சுதாரிச்சிருந்தா...” என்று ஆரம்பித்தார்.

“அவளைப் பத்தி இனிமே இந்த வீட்ல யாரும் அப்படிப் பேசக் கூடாது,” என்றார் பேட்டரிக்காரர்.

தங்கை திகைத்துப்போனார். “நீங்கதானே அண்ணா எப்பவும் சொல்வீங்க?”

“ஆமா. நான்தான் சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷம் சொன்னேன்.” அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கை மருமகளைப் பார்த்தார். மருமகள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கணவன் வந்திருந்த எட்டு நாளில் கொல்லைத் தரை முழுவதும் கல் பாவினான். அப்பாவும் மகனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. “அந்தக் கல்லு ஆடுது” என்று அப்பா சொல்வார். மகன் எடுத்து மறுபடி வைப்பான். மண் லாரி வந்தது, கறுத்த ஈர மண். குளிர் விட்டதும் மருமகள் தாளில் இருந்தபடியே விதைத்தாள். அவரை மதிலோரம் ஏறியது. தக்காளி பூத்தது. முதல் முள்ளங்கியைப் பாப்பா பிடுங்கி, தெருவில் ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். மருமகளும் சிரித்தாள். ஆனால் அதை நறுக்கும்போது மூன்று தரம் கழுவினாள். மண் புதியது, பலகை புதியது, எல்லாம் தெரியும். கை கேட்கவில்லை.

பேட்டரிக்காரருக்கென்று கொல்லையில் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. அவர் பின்கதவைத் தாண்டுவதில்லை. காய்களை மட்டும் பேசாமல் சாப்பிட்டார்.

பாப்பா கொல்லையிலிருந்து உள்ளே வரும் நேரம் மட்டும் அவருக்குத் தெரியும். புது மண்ணென்றால் கையைக் கழுவினால் போதும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கிண்ணத்தில் தண்ணீரும் சோப்பும் ஒரு பழைய பல் பிரஷும் எடுத்து வைத்துக்கொண்டு பின்கதவருகே முக்காலியில் காத்திருப்பார். “கையைக் காட்டு” என்பார். பாப்பா எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுவாள். அவர் ஒவ்வொரு நகத்துக்கு அடியிலும் தேய்ப்பார். பத்து விரலும் முடிந்த பிறகு மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பிப்பார்.

“அப்பா, கூச்சமா இருக்கு,” என்று பாப்பா சிரிப்பாள்.

“இரு. இன்னும் போகல,” என்பார் அவர்.