ஆறு அசைவுகள்

காலை பதினொரு மணிக்கே ஹில்கே வேலை முடித்து மேலங்கியைக் கழற்றும்போதெல்லாம் அடுத்த வரிசையில் வேலை செய்யும் வீபெ தலையை நீட்டி, "சாயந்திர வணக்கம், மகராசி" என்பான். காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஒன்பதுக்கே கிளம்பியபோதும் இதையேதான் சொன்னான். அப்போது அவளும் சிரித்தாள்.

நவம்பரில் சீஸ் கிடங்கின் மேல்பலகை சரிந்து அவள் வலது தோளில் விழுந்தது. அறுவை சிகிச்சை, மூன்று மாதக் கட்டு. பிறகு தெரபிஸ்ட் அன்னெலோட் வந்தாள். இரண்டு நாள் கிடங்கில் நின்று, ஹில்கேயின் இடத்தில் வேலை செய்தவரைப் பார்த்து, அந்த வேலையைத் தாளில் ஆறு அசைவுகளாகப் பிரித்து எழுதினாள்: இறக்குவது, துடைப்பது, தட்டிக் கேட்பது, புரட்டுவது, சுமப்பது, மேல்தட்டில் ஏற்றுவது.

"மொத்தமாக் கொடுத்தா தோள் தாங்காதுங்க. வாரத்துக்கு ஒண்ணாத் திருப்பித் தரேன்."

பத்தொன்பது வருடம் அது ஒரே வேலையாகத்தான் இருந்தது. விரல் முட்டியால் சீஸ் வட்டைத் தட்டுவாள். உள்ளே பொள்ளல் விழுந்து வட்டு கெட்டிருந்தால், யோசிப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். தாளில் அதற்கு நேரே, 'மூன்று விநாடி, தோளுக்குச் சுமையில்லை' என்று இருந்தது. அதனால் அதுதான் முதலில் திரும்பி வந்தது.

ஆறாவது வாரம், பன்னிரண்டு கிலோ வட்டை மேல்தட்டில் ஏற்றினாள். வலி பல்வரை வந்தது. முகத்தில் காட்டவில்லை. அன்னெலோட் மகிழ்ந்துபோய் கடைசிக் கட்டத்திலும் குறியிட்டுவிட்டுப் போனாள்.

அன்றே மேலாளர் ஷூர்த் கூப்பிட்டார். அந்தத் தாள் பெரிதாக்கப்பட்டு அவர் சுவரில் ஒட்டியிருந்தது. அவரே காபி ஊற்றிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு எவ்வளவு அழகாப் பிரிச்சிருக்கு பாருங்க. இத்தனை வருஷம் நமக்குத் தோணலையே."

இனி ஒரு அசைவுக்கு ஒரு ஆள் என்றார். தற்காலிக ஆட்கள் அரை நாளில் கற்றுக்கொள்வார்கள். தட்டிக் கேட்பதற்கு ஒரு கருவி வருகிறது.

"தொடைக்கிறது உங்களுக்கு. தோளுக்கும் நல்லது."

"ஆறும் செய்றேனே நான்."

"செய்றீங்க. யாரு இல்லைன்னா? ஒருத்தரே ஆறும் செய்யணும்னு இப்ப தேவையில்ல, அவ்வளவுதான்."

சுவரில் இருந்த தாளில் ஆறு அசைவுகளும் வரிசையாக இருந்தன. காபி ஆறும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் அவளுக்கு முழு நேரம். பதினொரு மணிக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. கருவி சோதித்து, 'சரி' என்று பச்சை வில்லை ஒட்டிய வட்டுகள் ஒவ்வொன்றாக அவள் முன் வந்தன. ஒன்றைத் துடைக்கும்போது விரல் முட்டி தானாக மடங்கித் தட்டிவிட்டது.

பொள்ளல்.

அவள் கை அங்கேயே நின்றது. சுமக்க வந்த வீபெ, "என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

துணியைத் திருப்பி மடித்தாள். பச்சை வில்லை நனையாமல், அந்த வட்டை விளிம்பெல்லாம் சுற்றித் துடைத்து, அவன் பக்கம் நகர்த்தினாள்.