உள்வாடகைத் தம்பி

அதிகாரி வருவதே அவளுடைய புகாரின் பேரில்தான். ஆனால் கதவு தட்டப்பட்டதும் அவள் முதலில் பின்னறையைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

வாடகைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. வீட்டுக்காரர் அதை மதிக்காமல் இரண்டு மடங்கு கேட்டார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடிப்பவள் அவள். விட்டேனா பார் என்று வாடகை ஆணையத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். எழுதினால் வீட்டை நேரில் வந்து பார்ப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

பின்னறையை உள்வாடகைக்கு விட்டிருந்தாள். அது தெரிந்தால் சட்டம் கைகழுவிவிடும். ஒரே மாதத்தில் காலி செய்ய வேண்டும். சொந்தபந்தம் தங்கினால் மட்டும் குற்றமில்லை.

அடுத்த வாரம் என்று கடிதத்தில் இருந்தது. இன்றே வந்து நின்றார்கள். பின்னறையில் நெட்டை தூங்கிக்கொண்டிருந்தான். இரவு பஸ் ஓட்டுகிறவன்.

அதிகாரி நாடாவை விரித்து அறை அறையாக அளந்தார். வீட்டுக்காரர் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டே வந்தார். பின்னறையிலிருந்து குறட்டை கேட்டது.

"என்னம்மா, உங்க சுவரு குறட்டை விடுது?" என்றார் வீட்டுக்காரர்.

"என் தம்பிங்க. நைட் டூட்டி முடிச்சுட்டுப் படுத்திருக்கான்."

"தம்பின்னா தங்கலாம்," என்று அதிகாரி படிவத்தை எடுத்தார். "பேரு?"

இரண்டு வருடமாக அவன் நெட்டை, அவள் அக்கா. ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. பெயருக்கு வேலையே வரவில்லை.

"நெட்டைன்னு கூப்பிடுவோம்."

"அது வீட்ல. பெத்தவங்க வச்ச பேரு?"

அதற்குள் கதவு திறந்தது. "என்னக்கா சத்தம்?" என்று நெட்டை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அந்த 'அக்கா'வில் அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

வீட்டுக்காரர் சிரித்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க அக்கா பேரைச் சொல்லுங்க பாப்போம்."

நெட்டை அவளைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். பெயரைக் கண்ணால் சொல்ல முடியாது.

"அக்கான்னுதான் சார்..."

அதிகாரி சிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை மடித்தார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் அடையாள அட்டையோட ஆபீசுக்கு வாங்க."

அவர்கள் இறங்கிப் போனார்கள். நெட்டை மெல்லக் கேட்டான்: "உங்க பேரு என்னக்கா?"

"இப்பக் கேளு. துணிமணிய எடுத்துட்டுக் கிளம்பு. நீ இங்க இருந்த சுவடே இருக்கக் கூடாது."

"எங்கக்கா போவேன்? வெளிய கேக்குற வாடகைக்கு நான் பஸ்லதான் படுக்கணும்."

"நான் எங்க போவேன்? எனக்கு பஸ்சும் இல்ல."

கால் மணி நேரத்தில் பையைக் கட்டினான். கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் கொஞ்சம் தேவலை.

அவள் ஜன்னலருகே போனாள். அதிகாரியின் வண்டி போய்விட்டது. வீட்டுக்காரர் போகவில்லை, வாசல் கேட்டில் சாய்ந்து நின்றார். பையோடு வந்தவனின் தோளில் கை போட்டு ஏதோ கேட்டார்.

நெட்டை பையைக் கீழே வைத்தான். அண்ணாந்து அவள் ஜன்னலைப் பார்த்தான். பிறகு அவர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான்.