காதோரம் கீறல்பட்ட ராஜா

போலிப் பழங்காசுகளைப் படத்தோடு அம்பலப்படுத்தி வந்த இணையதளம் மூடப்படப்போகிறது என்றதும், நாணயச் சங்கம் மொத்தப் பொறுப்பையும் எக்ஸ்ரே டெக்னீஷியன் தலையில் கட்டியது. கண்டதையும் டவுன்லோட் செய்து வைக்கும் அவருக்குச் சங்கத்தில் ‘கிடங்கு’ என்று பட்டப்பெயர். கிடங்கும் சளைக்காமல் பக்கம் பக்கமாகச் சேமித்தார். தளம் மூடியது. இனி சங்கத்துக்கு அவருடைய ஹார்ட் டிஸ்க்தான் கதி.

சேமித்ததைச் சரிபார்க்கும்போது நாற்பத்தொன்றாம் பக்கத்தை அவர் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். அதில் ஆறு வெள்ளிக்காசுகள். ஆறிலும் ராஜாவின் காதோரம் அச்சு அசலாக ஒரே கீறல். கைமாறிப் புழங்கிய காசுகளில் அப்படி விழ வாய்ப்பே இல்லை. கீறல்பட்ட ஒரு காசைப் படியெடுத்து வார்த்த போலிகளில்தான் விழும். ஏழாவது காசு அவருடைய மச்சானிடம் இருந்தது.

மச்சான், மனைவியின் அண்ணன். கிரேன் ஓட்டுபவர். சங்கத்தின் தலைவர்; தலைவரானதே அந்தக் காசின் புண்ணியத்தில்தான். “இந்தக் கீறல் உலகத்துலயே இது ஒண்ணுலதான்” என்று பூதக்கண்ணாடியைத் திணித்துக் காட்டாத ஆள் பாக்கியில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அந்தக் கீறல் மனப்பாடம்.

“அழிச்சிடுங்க.”

“நாலு பேரு நம்பி ஒப்படைச்சதும்மா.”

“அண்ணன் மூஞ்சி வாடுச்சுன்னா நீங்க சங்கத்துலயே படுத்துக்குங்க.”

அழித்தார். மச்சான்மேல் அவருக்கும் பாசம் உண்டு. ஆனாலும் எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிவை அழித்துவிட்டதுபோல் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு மற்றவர்களுக்கு முன்பே வந்த மச்சான், கிடங்கின் லேப்டாப்பில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வந்தது. எண்களை மாற்ற வேண்டுமென்று கிடங்குக்குத் தோன்றவேயில்லை.

“நாப்பத்தொண்ணு எங்க மாப்ள?”

“டவுன்லோட் ஆகல மச்சான். நெட் சொதப்பிடுச்சு.”

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நீ இதைத்தான் செய்வேன்னு தெரியும். தலைவரான மறுமாசமே இந்தப் பக்கத்தைப் பார்த்துட்டேன். அப்பவே சேவ் பண்ணியும் வச்சுட்டேன்.”

கிடங்கு பென்டிரைவை மச்சான் பக்கமே நகர்த்தினார். “இது இல்லாமலே இருக்கட்டும் மச்சான்.”

“ஒரு பக்கத்தை எடுத்துட்டா மீதியை எவன் நம்புவான்? உள்ள போடு. இன்னைக்கு நானே எல்லாருக்கும் காட்டிடறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், அந்தக் காசை ரொம்பப் பெருமையா நெனச்சுட்டிருக்கா.”

“சொல்லல மச்சான்” என்றார் கிடங்கு.